சிவப்பு மாத்திரைக்குப் பாடு போட்டது பற்றி

பொன்னேரி சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், 1976-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி, சுயமாக ஆஜராகி, சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு சொல்லிய வாக்குமூலம்.

என் பெயர் பச்சையம்மா. வயது சுமார் முப்பத்தெட்டு. கணவர் பெயர் மாரியப்பன். பொன்னேரி தாலுகா, பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள நடுத்திட்டுக் குப்பத்தில் குடியிருக்கிறேன். மீன் கூடை தூக்கி விற்பது தொழில். கைநாட்டு. இங்கே வரச்சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வராதே என்றுதான் வற்புறுத்தினார்கள்.

காவலில் இருக்கும் கம்பவுண்டர் பாக்கியநாதனை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் குப்பத்தில் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்குக் காசநோய். சென்ற பங்குனி மாதம் சென்னையிலிருந்து டாக்டர் வீரராகவன் என்பவர் வந்தார். காசநோய்க்குப் பழைய மருந்து நல்லதா, புதிய சிவப்பு மாத்திரை நல்லதா என்று ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னார். மீஞ்சூர்ப் பக்கத்து டாக்டர்கள் தங்கள் நோயாளிகளை அனுப்ப மறுத்துவிட்டார்கள் என்று கம்பவுண்டர் எங்களிடம் வருத்தப்பட்டார். எங்கள் ஆட்களும் முதலில் கிட்டே போகவில்லை. எலிக்கு வைத்துப் பார்ப்பதை நமக்கு வைத்துப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. கம்பவுண்டர் மட்டும் சைக்கிளில் வந்துகொண்டே இருந்தார். எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்த வெளியாள் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு டாக்டர் குப்பத்துக்கு வந்து, யாருக்கு எந்த மருந்து என்பதை அவர் முடிவு செய்வதில்லை, ஒட்டிய கவரைப் பிரித்தால் உள்ளே இருக்கும் சீட்டுத்தான் முடிவு செய்யும் என்று விளக்கினார். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. ஏரியில் மீன் படுகிற இடம் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. அதனால் எங்கள் ஆண்கள் சீட்டு எடுத்து இடம் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். "இது நம்ப பாடு மாதிரிதான்டி, இதுல இன்னா பயம்" என்று வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிப் பன்னிரண்டு பேரையும் சேர்த்துவிட்டவள் நான்தான். டாக்டர் என்னைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

ஏப்ரல் 5-ந் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சீட்டு எடுத்தோம். ஆறு பேருக்குச் சிவப்பு, ஆறு பேருக்கு வெள்ளை. எனக்குச் சிவப்பு விழுந்தது. அண்டை வீட்டுச் சம்பூர்ணத்துக்கு வெள்ளை. மாதா மாதம் முதல் திங்கட்கிழமை கம்பவுண்டர் ஒரு மாதத்து மாத்திரையை அவரவர் கையில் கொடுப்பார்.

ஒரு விஷயத்தைக் கோர்ட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். பாடு என்றால் சீட்டோடு முடிவதில்லை. இன்றைக்கு நல்ல இடத்தில் வலை போட்டவன் நாளைக்கு அதை அடுத்தவனுக்கு விட வேண்டும். நல்ல இடத்தை ஒருவனே வைத்துக்கொண்டால் அவனோடு குப்பத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆகையால் நான் பன்னிரண்டு பேரையும் சிவப்பு ஒருவர், வெள்ளை ஒருவர் என்று ஆறு ஜோடியாகப் பிரித்தேன். ஏப்ரலில் சிவப்புச் சீட்டு விழுந்தவர்கள் சிவப்பு சாப்பிட்டோம். மே மாதம் பாக்கெட்டை வாங்கி வந்து ஜோடிக்காரரிடம் மாற்றிக் கொடுத்தோம். ஜூனில் மறுபடி எங்கள் முறை, ஜூலையில் அவர்கள் முறை. யாரும் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கம்பவுண்டருக்கு இது தெரியாது. சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. முறை மாற்றுவதை யாராவது ஊரைக் கூட்டிச் சொல்வார்களா?

முதல் மூன்று மாதம் சளியை மட்டும் எடுத்துப் போனார்கள். ஆகஸ்டு 2-ந் தேதி சிறுநீரும் கேட்டார்கள். சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் அது செம்மண் தண்ணீராய்ப் போகும். வெள்ளைக்கு எழுதியிருந்த ஐந்து பேருக்குச் சிவப்பாக இருந்தது. சிவப்புக்கு எழுதியிருந்த ஐந்து பேருக்கு இல்லை. டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. கையில் எடுத்துக் கொடுக்கிற கம்பவுண்டர்தான் ஆதாயத்துக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, எல்லார் எதிரிலும் அவரைக் கேட்டார். அவர் "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பதினோரு பேரும் தரையைப் பார்த்தோம். எனக்குச் சிவப்பாகவே இருந்தது. சீட்டிலும் சிவப்பு. "பச்சையம்மா ஒருத்தங்கதான் சொன்னதக் கேட்டு ஒழுங்கா சாப்பிட்டிருக்காங்க" என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து போலீசார் கம்பவுண்டரைப் பிடித்துப் போனார்கள். நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு என் கணவர் வாசலை மறித்து நின்றார். "நீ வாயத் தொறந்தா மாத்திரைய நிறுத்திடுவானுங்க. அந்த ஆளு ஒருத்தருக்காவ பதினோரு பேரு சாவணுமா? சொல்லு" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த நாட்களில் கம்பவுண்டர் திரும்பிப் பார்த்த பார்வைதான் கண்ணெதிரே நின்றது.

நேற்று விடிந்ததும் கணவர் ஏரிக்குப் போன பிறகு, பஸ் ஏறிப் பொன்னேரி முகாமுக்குப் போய் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்தார். எந்த ஜோடி, எந்த மாதம் யார் எதைச் சாப்பிட்டது என்று வரிசையாகச் சொன்னேன். எனக்கு எழுதத் தெரியாது, முறை மறக்காது. ஐந்து ஜோடி சொல்லி முடித்தேன். ஆறாவது ஜோடி நானும் சம்பூர்ணமும். அங்கே நிறுத்தினேன்.

கோர்ட்டார் கேட்காததையும் சொல்கிறேன். ஜூலை மாதத்துச் சிவப்பு சம்பூர்ணத்தின் முறை. ஜூனில் எனக்கு இருமலில் ரத்தம் நின்றிருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்காமல் நடந்தேன். மாற்றிக் கொடுத்தால் மறுபடி வந்துவிடுமோ என்று பயந்தேன். எனக்கு உயிர் மேல் ஆசை வந்துவிட்டது. சம்பூர்ணம் பாக்கெட்டோடு என் வாசலில் வந்து நின்றபோது, "இந்த மாசம் செவப்பு வரலடி, எல்லாருக்கும் வெள்ளதான்" என்றேன். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. "வராட்டி போவுது, அடுத்த பாட்டுல பாத்துக்கலாம். நீ ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜூலை 27-ந் தேதி செத்துப்போனாள். அவளைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, சிவப்பைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் நோட்டை மூடினார். பிறகு, "அதக் கண்டுபிடிக்கத்தாம்மா இந்த ஆராய்ச்சியே. எனக்குத் தெரியாது" என்றார். மாத்திரையை நிறுத்துவீர்களா என்று கேட்டதற்கு, மேலே கேட்க வேண்டும் என்றார்.

கம்பவுண்டர் மேல் குற்றம் இல்லை. அவரை விட்டுவிட வேண்டும். மீதி பத்துப் பேரும் முறை தவறாதவர்கள். அவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டாம். யாருக்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எனக்கு நிறுத்துங்கள்.

நான் சொன்னதை எழுதி, குமாஸ்தா எனக்குப் படித்துக் காட்டினார். ஜூலை மாதத்து மாத்திரையைச் சம்பூர்ணத்துக்குக் "கொடுக்க மறந்துவிட்டேன்" என்று அவர் இரக்கப்பட்டு எழுதியிருந்தார். நான் மறக்கவில்லை என்று சொல்லி, அதை அடித்துவிட்டு, நடந்தபடியே எழுதச் சொன்னேன். இப்போது இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

பச்சையம்மா, இடது கைப் பெருவிரல் ரேகை.