கைராசிக்காரன்

உங்கள் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சார். நாள் முழுக்கக் குனிந்து எழுதுகிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும். காதுப்பக்கத் திருகாணி தளர்ந்திருக்கும். ஒரு சுற்று சுற்றினால் போதும். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். வாசலில் உங்கள் ஆள் அதை வாங்கி வைத்துக்கொண்டார். பரவாயில்லை, அது அவர் வேலை.

என் மைத்துனன் விஷயமாகத்தான் வந்தேன். விபத்து என்று சொல்லி அந்தக் கேஸை நீங்கள் மூடிவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இருப்பதை வைத்துத்தானே எழுத முடியும். ஆனால் ஒரு இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிட்டால் எனக்கு நிம்மதி.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணாடிக் கடைக்காரன். கடை என்னுடையது இல்லை, மாமனாருடையது. கல்யாணமானதிலிருந்து கடையில் பிழைப்பு, கடைக்கு மேல்மாடியில் குடித்தனம். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். கடைக்கு வருகிறவர்கள் என் தோளைத் தாண்டிப் பார்த்து, "பெரியவர் இல்லையா?" என்பார்கள். பெரியவர் படுத்த படுக்கையான பிறகு, "தம்பி எப்ப வருவாரு?" என்றார்கள். தம்பி என்றால் என் மைத்துனன். இடையில் நான் ஒருவன் நிற்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, கண்ணாடிக் கடையிலேயே.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் மனிதனாக இருந்தேன். ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருக்கிறது. எங்கள் ராக்கெட் கிளப் கூடுவது அங்கேதான். பஸ் ஓட்டுகிறவர், பல் டாக்டர், கணக்கு வாத்தியார் என்று ஒரு கூட்டம். அட்டைக் குழாய், மரத்தகட்டு இறக்கை, பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்து வைத்த சின்னப் பாராசூட். விளையாட்டுச் சாமான்தான். ஆனால் அது நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போவதைப் பார்த்தால் கணக்கு வாத்தியார்கூடக் குழந்தை மாதிரி கத்துவார்.

அதில் கஷ்டம் பறப்பது இல்லை, சார். பற்றுவதுதான். ராக்கெட்டின் அடியில் இருக்கும் ஓட்டைக்குள் இக்னைட்டர் என்று ஒரு மெல்லிய கம்பியைச் செருகுவோம். கம்பியின் தலையில் தீக்குச்சி மாதிரி மருந்து இருக்கும். அந்தத் தலை உள்ளே ராக்கெட்டின் வெடிமருந்தைத் தொட்டபடி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காலையும் பல் வைத்த இரண்டு கிளிப் கவ்வியிருக்கும். கிளிப்பிலிருந்து நீளமான வயர் தரையோடு ஓடி எங்கள் ஸ்விட்ச் பெட்டிக்கு வரும். பெட்டியில் சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்தினால் மின்சாரம் போய்க் கம்பி பழுக்கும், ராக்கெட் கிளம்பும். கேட்க எளிது. ஆனால் பாதிக்குப் பாதி பற்றாது. வாரம் முழுக்க ராத்திரி பகலாக ஒட்டி, வர்ணம் பூசி, பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்தி, ஊரே சேர்ந்து எண்ணி அழுத்தினால், கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் போவேன். கண்ணாடி துடைக்கிற துணியைப் பையிலிருந்து எடுத்து, கிளிப்பை நிதானமாக ஒரு துடை துடைப்பேன். திரும்பி வந்து அழுத்துவேன். முதல் அழுத்தலிலேயே பற்றும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"அண்ணன் கை பட்டா பச்சைத் தண்ணியும் பத்திக்கும்யா" என்பார் பஸ்காரர். பல் டாக்டர் தன் ராக்கெட்டை மேடையில் நிறுத்துவதற்கு முன்பே, "ஒரு தடவ தொட்டுக் குடுங்கண்ணே" என்று நீட்டுவார். கைராசிக்காரர் என்றே எனக்குப் பெயர் விழுந்துவிட்டது.

ராசி என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். கிளிப்பின் பல்லில் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு நூல் அளவு தடவினால் மின்சாரம் தாண்டாது. கண்ணுக்கும் தெரியாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். என் துணியில் ஸ்பிரிட் எப்போதும் இருக்கும், தொழில் அப்படி. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கொஞ்ச நேரம் தாமதம், பிறகு இரட்டிப்புச் சந்தோஷம். தடையே இல்லாமல் கிடைப்பதை யார் கொண்டாடுகிறார்கள்?

மைத்துனனைக் கிளப்பில் சேர்த்தது நான்தான். படிப்பு முடித்து, வெளியூர் வேலையை விட்டுவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தான். நல்லவன், சார். அதுதான் தொல்லையே. சாப்பிடும்போது எனக்குப் பரிமாறிய பிறகுதான் தன் தட்டைத் தொடுவான். "மாமா, போர்டுல உங்க பேரையும் போட்ரலாமா?" என்று கேட்டான். பிச்சை போடுகிறவன் குனிந்து போட்டாலும் பிச்சை பிச்சைதானே. வேண்டாம் என்றேன்.

அவன் வந்த பிறகு பொட்டலில் எல்லாம் மாறியது. உப்புத்தாள் கொண்டுவந்து எல்லாக் கிளிப்பையும் தேய்த்தான். பெட்டிக்குப் புது பேட்டரி போட்டான். இக்னைட்டர் நழுவாமல் இருக்கக் காகிதத்தை உருட்டி அடைக்கச் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்கு எல்லாருடைய ராக்கெட்டும் முதல் அழுத்தலிலேயே பற்றியது. எல்லாருடையதும். "அட, இவ்ளோதானா விஷயம்" என்றார் வாத்தியார். நான் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். இரண்டு நாள் கழித்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், தேய்க்காமல் எடுத்து வைத்திருந்த பழைய கிளிப் ஒன்றைக் கல்லாமேசைமேல் வைத்தான். பல்லிலிருந்து ஏதோ வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு எழும்பியிருந்தது.

"மாமா, அக்கா ரொம்ப நாளா பொலம்புது. நான் போடவே இல்ல, நகப்பூச்சு மட்டும் காலியாவுது, வீட்ல பேய் இருக்கான்னு."

நான் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து வளைத்தேன்.

"யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன், மாமா. ஞாயித்துக்கெழம நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா ஒரு சிரிப்போட போயிடும். பாவம், பஸ்காரர் தன் கைதான் ராசியில்லாத கைன்னு நெனச்சு, ராக்கெட்டயே விக்கப் பாக்குறாரு."

சொல்கிறேன் என்றேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் என் தோளைத் தட்டினான்.

அவனுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவனுடைய ராக்கெட் எல்லார் முன்னாலும் ஒருமுறை அசையாமல் நிற்க வேண்டும், பிறகு என் கையால் பற்ற வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. அதற்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்விட்ச் பெட்டி முன்னால் நான் உட்கார்ந்தேன். கடைசி ராக்கெட் அவனுடையது. உயரமானது, மஞ்சள் வர்ணம், என் மனைவி தேர்ந்தெடுத்த வர்ணம். கிளிப்பை அவனே தேய்த்து அவனே மாட்டினான். அதில் கை வைக்க வழியில்லை. எனவே நான் சாவியை முழுவதும் திருப்பவில்லை. பாதியோடு நிறுத்திக்கொண்டு பட்டனை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். ராக்கெட் நின்றது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவனும் சிரித்தான்.

பற்றாத ராக்கெட்டிடம் உடனே போகக் கூடாது என்பது விதி. ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு, போகிறவன் பெட்டியிலிருந்து சாவியை உருவித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். சாவி அவன் கழுத்தில் இருக்கும்வரை இங்கே யாரும் எதையும் அழுத்த முடியாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். எல்லாருக்கும் நெருப்புப்பொறி படாத கண்ணாடி செய்துகொடுத்ததும் நான்தான், காசு வாங்காமல்.

ஒரு நிமிடம் முடிந்ததும் அவன் சாவியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். "மாப்ள, கண்ணாடிய குடு. திருகாணி தளந்திருக்கு" என்றேன். கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். என்னிடம் கொடுத்த கண்ணாடியைப் பற்றி அவன் யோசிப்பானா, என்ன? திருகாணி உண்மையிலேயே தளர்ந்திருந்தது. காலையில் நானே தளர்த்தியிருந்தேன்.

பெட்டிக்கு அந்தச் சாவிப்பூட்டை வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்தார்கள். இரண்டாவதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். பொட்டலில் முதல் சாவி தொலைந்தால் பொறுப்புள்ளவன் ஒருவனிடம் இன்னொன்று இருக்க வேண்டும் அல்லவா. மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவன் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, இக்னைட்டர் நழுவியிருக்கிறதா என்று கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தான். நான் சாவியைப் போட்டு, முழுவதும் திருப்பி, அழுத்தினேன்.

அது கோடு போட்ட மாதிரி நேராக மேலே போனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். நானும் மேலேதான் பார்த்தேன். உச்சியில் பாராசூட் விரிந்த பிறகுதான் அவன் சத்தம் காதில் விழுந்தது. அதற்குள் சாவி என் பைக்குள் போய்விட்டது.

இரண்டு கண்ணும் போய்விட்டன என்று உங்களுக்குத் தெரியும். சாவி அவன் கழுத்திலேயே இருந்ததால், உள்ளே கனன்றுகொண்டிருந்த மருந்து தாமதமாகத் தானே பற்றிக்கொண்டது என்று எழுதினீர்கள். அவனே அப்படித்தான் சொன்னான்: "நான்தான் அவசரப்பட்டுட்டேன்." என் மனைவி அவனுக்கு ஊட்டிவிடுகிறாள், அவள் என்னோடு பேசி நாளாகிறது. நேற்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் கையைத் தடவித் தேடிப் பிடித்தான். "மாமா, அந்த நகப்பூச்சு விஷயத்த நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். நடந்தது போதும்" என்றான். ஆகவே எனக்கு ஒரு பயமும் இல்லை, சார். சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்காரர் வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "கைராசிக்காரர் ரெண்டு தடவ அழுத்தியும் புடிக்கல பாருங்க. ராசியாவது ஒண்ணாவது. அது பாட்டுக்குத் தானா பத்திக்கிச்சு."

ராத்திரி தூக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. உண்மை உண்மையாக இருக்க வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பி வந்துவிட்டேன். இந்தாருங்கள், இரண்டாவது சாவி. முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த "தானே பற்றிக்கொண்டது" என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். முதல் இரண்டு தடவை நான் சாவியை முழுவதும் திருப்பவே இல்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முழுவதும் திருப்பி அழுத்தியது ஒரே தடவைதான் சார், அந்த முதல் அழுத்தலிலேயே பற்றியது.