கம்பத்தின் மேல் தம்பி

— இன்னும் கொஞ்சம் இடது பக்கம் திருப்புக்கா. ஓவர்.

— எவ்வளவு கொஞ்சம்? உன் பேச்சைக் கேட்டுத் திருப்பித் திருப்பி, என் ஆன்டெனா தட்டு இப்ப பக்கத்து வீட்டுக் குளியலறையைப் பாத்துக்கிட்டு நிக்குது.

— ஆஸ்பத்திரி மாடியில நின்னு வேடிக்கை பாக்காதே. மலையைப் பாத்துத் திருப்பு. ஓவர்.

— நீ நம்ம வீட்டுக் கொல்லையில கம்பத்து மேல ஜிலுஜிலுன்னு தொங்கு. நான் இங்க வெயில்ல வறுபடறேன். அம்மா கால் புண்ணைக் கண்ணால பாக்காம மருந்து எழுத மாட்டேன்னு டாக்டர் உக்காந்திருக்காரு.

— பாக்கத்தான் போறாரு. வீடியோவுல பளிச்சுன்னு தெரியும். ஓவர்.

— கோடையிலயும் இதையேதான் சொன்ன. இலையெல்லாம் கொட்டி மொட்டையா நின்ன மரத்துக்கு நடுவுல பாத்துட்டு, 'வழி சுத்தமா இருக்கு, மலைக்கே நெட்டு'ன்னு குதிச்ச. மழை பேஞ்சு தழைச்சதும் சிக்னல் செத்துப்போச்சு. மரம்னா இலை விடும்னு உனக்கு யாருமே சொல்லலையாடா?

— அதான் கம்பத்தை உசத்தியாச்சுல்ல!

— உசத்தின கம்பம் காத்துல பேயாட்டம் ஆடுச்சே?

— இழுத்துக் கட்டியாச்சு. குத்திக்காட்டறதே உனக்குப் பொழப்பு.

— பின்ன? அம்மாவைக் கீழ கூட்டிட்டு வாடான்னா, டாக்டரைக் காத்துல அனுப்புங்கிற.

— வரமாட்டேங்குதே! போனா காலை வெட்டிருவாங்கன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுவுது. மூட்டையா கட்டித் தூக்கிட்டு வரவா?

— புண்ணு கறுத்துப் போச்சுன்னு வீட்டுக்கு வந்து பாத்த நர்ஸ் சொன்னாங்கடா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் இல்லையா? சரி, விடு. முதல்ல இருந்து மெதுவா சுத்து.

— சுத்தறேன்.

— இன்னும் மெதுவா.

— கால்மணி நேரமா சுத்தறேன், கழுத்தே சுளுக்கிக்கிச்சு. வந்துச்சா இல்லையா?

— இரு... இரு, இரு! அக்கா! முழுசா வந்துருச்சு! மூச்சுக்கூட விடாதே!

— டேய்...

— மரம் இலை விடும்னு எனக்கா பாடம் எடுத்த? இப்ப பாரு, கல்லு மாதிரி நிக்குது!

— டேய், இங்க இப்பதான் கரண்ட் போச்சு. சிக்னல் அனுப்பற என் பெட்டியே அணைஞ்சு கிடக்கு.

— விளையாடாதக்கா. நம்ம நெட்டுப் பேருதான் காட்டுது.

— எல்லாப் பெட்டிக்கும் ஒரே பேரை வச்ச மகராசன் யாரு? 'குழப்பமே வராது'ன்னியே! உபரியா வாங்கின பெட்டி எங்க?

— இங்க வாசல்ல நிக்கிற ஜீப்புல. நேத்து சோதிச்சுப் பாக்க பேட்டரியில மாட்டினேன்...

— கழட்டினியா?

— ...இல்ல. ஆனா அதை இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டேன்க்கா. இவ்வளவு நேரம் வராத சிக்னல் இப்ப மட்டும் எப்படி வரும்?

— நான்தான் திறந்தேன்.

— அம்மா? வாக்கிடாக்கி உன்கிட்ட எப்படி?

— கட்டில்ல ஒண்ணை விட்டுட்டுப் போனியே. உங்க சண்டை பூரா கேட்டுச்சு. புண்ணுல சுத்தத் துணி இருக்குமான்னு இந்த இரும்புப் பெட்டியைத் திறந்தா, உள்ள இது மினுக்மினுக்குன்னு எரியுது. மடியில வச்சிருக்கேன்.

— ஜீப்புல எதுக்கும்மா ஏறினே?

— உங்கக்கா ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையேடா. கண்ணால பாக்கணும்னுதானே டாக்டர் சொன்னாரு? கண்ணாலயே பாக்கட்டும். கம்பத்தை விட்டு இறங்கி வந்து வண்டியை எடு. ஓவர்.