மாப்பிள்ளையின் கைராசி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காது மந்தமானவர்கள் முன்னால் வாருங்கள். நாய்க்கால் ஒடிந்து ஒட்டிய கதை ஒன்று சொல்கிறேன். என் மாப்பிள்ளைக்குக் கைராசி போதாது என்று வெளியில் ஒரு பேச்சு. அதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறாது.

அப்போது அவர் மாப்பிள்ளை இல்லை, நாய் ஆஸ்பத்திரி டாக்டர். எங்கள் நாய் குண்டன் சைக்கிளில் அடிபட்டு முன்னங்கால் ஒடிந்ததும் என் மகள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த சைக்கிளில் எனக்குப் பங்கில்லை. டாக்டர் எலும்பின்மேல் தகடு வைத்து ஸ்குரூ முடுக்கினார். கூண்டைவிட்டு வெளியே விடக் கூடாது, குதிக்கவே கூடாது என்று என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார். சொன்னது என்னிடம், பார்வை என் மகள்மேல். வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தள்ளிவிட்டவள், அன்றைக்கு எக்ஸ்ரே படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆனால் இரண்டும் வாயில்லாப் பூச்சிகள். எலும்பைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. தையல் பிரித்துவிட்டு, இனி அடிக்கடி வர வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மகள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கூண்டைத் திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, கையில் பிஸ்கட்டோடு மெத்தையைத் தட்டினேன். குண்டன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு குதித்தான். ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். சாயங்காலத்துக்குள் தகடு வளைந்துவிட்டது. நான் அவன்மேல் கை வைக்கவே இல்லை. கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆபரேஷனில் இன்னும் நீளமான தகடு. இம்முறை டாக்டர் தன் சொந்த நம்பரைக் கொடுத்தார். போனில் பேச்சு வளர்ந்தது, அதுவும் சார், மேடம் என்றே. இந்த வேகத்தில் போனால் நான் கண்மூடிய பிறகுதான் காப்பி குடிக்கவே போவார்கள். பொறுத்துப் பார்த்தேன். பிறகு மெத்தையைத் தட்டினேன். ஸ்குரூக்கள் பிடுங்கிக்கொண்டன, உள்ளே சீழ் வைத்தது.

டாக்டர் இரும்பையெல்லாம் வெளியே எடுத்தார். புண்ணைக் கழுவி, எலும்பு கூடட்டும் என்று குண்டனின் தோள் எலும்புக்குள்ளிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து உடைந்த இடத்தில் அடைத்தார். காலுக்கு வெளியிலிருந்து கம்பிகளைச் செருகி, சாரம் கட்டினாற்போல ஒரு சட்டம் பூட்டினார். முடித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுவும் போச்சுன்னா காலையே எடுத்துடணும். எங்க தப்பு பண்றேன்னு எனக்கே தெரியலங்க."

"உங்க மேல தப்பே இல்ல," என்று என் மகள் அவர் கையைப் பிடித்தாள். "எங்கம்மாவும் ராப்பகலா கூடவே இருந்து பாத்துக்கறாங்க. எல்லாம் இந்த வாலு பண்ற வேலை."

பிடித்த கையை அவள் விடவில்லை.

அன்றைக்கே கூண்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எலும்பு அழகாய் ஒட்டிவிட்டது. நொண்டல் கொஞ்சம் உண்டு. கல்யாணமும் ஆயிற்று. எலும்பு ஆபரேஷன் என்றால் மட்டும் மாப்பிள்ளைக்கு இப்போது கை நடுங்குகிறது, வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுகிறார். நல்லதாயிற்று, சீக்கிரம் வீட்டுக்கு வருகிறார்.

உங்கள் வீட்டிலும் நல்ல காரியமெல்லாம் தடங்கலில்லாமல் நடக்கட்டும், பிள்ளைகள் ஜோடி ஜோடியாய் வீடு நிறையட்டும். ஏதாவது இழுபறியாக இருந்தால் மனசு விட்டுவிடாதீர்கள். வீட்டில் நாய் இருக்கிறதல்லவா? நாலு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.