மடியில் இருந்தவர்களை எண்ணவில்லை

"புதன். பிற்பகல் 2:50. ஓடைப் பாறை. 34 பேர். மேலே இரண்டு முறை வெடிச்சத்தம். பட்டாசா, வேறா, தெரியவில்லை. பேச்சி தண்ணீர் கொடுக்கிறாள்."

இது என் நாட்குறிப்பில் பென்சிலால் எழுதிய வரி. அடுத்த வரி இல்லை. பென்சிலை வைப்பதற்குள் கத்தல் கேட்டது.

"ஆனை! ஆனை! எந்திரிங்க, வெரசா!"

ஓடுகிறோம். பாதை இல்லை. சரிவு மட்டும். இடது பக்கம் மூங்கில் முறிகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. பெண்கள் மூட்டைகளைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். யார் கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

அணைத் தகராறு முற்றிய டிசம்பர் அது. இரண்டு மாநிலங்கள் ஓர் அணைக்காக மோதிக்கொண்டன. எல்லைச் சாலை அடைபட்டது. மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்த எங்களைத் தமிழர் என்று விரட்டினார்கள். கீழே கடை வைத்திருந்த மலையாளிகளை எங்கள் ஆட்கள் விரட்டினார்கள். இதைப் போர் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஓடியவர்களுக்கு வேறு சொல் தெரியாது.

அன்று காலை 7:20. லயத்து வீட்டின், தோட்டத்து வரிசை வீட்டின், தகரக் கூரையில் முதல் கல். 7:22. இரண்டாவது. பிறகு எண்ணவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர் பின்வாசல் வழியாக ஓடி வந்தார். "சேச்சீ, வேகம் பொய்க்கோ! ரோட்டுல போகண்டா!" என்று என் மனைவியிடம் சொன்னார். சீக்கிரம் போய்விடுங்கள், சாலையில் போக வேண்டாம் என்று அர்த்தம். தேவாரத்துக்கு இறங்கும் காட்டுத் தடத்தைக் கையால் காட்டினார். அவர் பெயரை எழுதவில்லை. அவர் அங்கேதான் வாழ்கிறார்.

பேச்சியம்மாள் என் மனைவி. அப்போது வயது நாற்பத்துமூன்று. பிறந்த ஊர் சிலமலை. கட்டிக்கொண்டு மலைக்கு வந்தவள். நான் ஏலக்காய் ஸ்டோரில் எடை எழுதினேன். அவள் காய் எடுக்கப் போனாள். மற்ற நேரமெல்லாம் அவள் ஊராருக்காக. நிறைமாதப் பெண்களைப் போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கூட்டிப்போவது அவள். ரேஷன் மனு எழுதவைப்பது அவள். தாய்மார்கள் காய் எடுக்கும்போது, ஏலச்செடி நிழலில் சாக்கை விரித்துப் பிள்ளைகளைக் காப்பது அவள். யாரும் நியமிக்கவில்லை. கூலி இல்லை.

எங்கள் இரண்டு பெண்களும் போடியில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்கு ஜீப்பில் ஒரு தூக்குச்சட்டி போகும். புளிக்குழம்பு, அல்லது கருவாடு. ஒரு வெள்ளியும் தவறியதில்லை. என் நாட்குறிப்பை மலை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்ததும் அவள்தான். சுற்றிக்கொண்டே கேலி செய்வாள்.

"நீங்க எழுதிக்கிட்டே இருங்க. ஒரு நாளைக்கு ஆனை வந்து கீழ கையெழுத்துப் போட்டுட்டுப் போகும்."

இனி, எண்ணும் முறை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

மலையில் எல்லாமே ஜீப்புக் கணக்கு. விடியற்காலையில் கீழிருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் டிரைவர் தலையை எண்ணுவார். உட்கார இடம் பிடிக்கும் தலைக்குத்தான் எண். மடியில் இருக்கும் பிள்ளைக்கு எண் கிடையாது. ஒரு லோடு பதினான்கு என்றால் பதினெட்டு உயிர் இருக்கும். யாருக்கும் இது தவறாகப்பட்டதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், சாவுக்குப் போனாலும் அப்படித்தான் எண்ணினோம்.

அன்று காலையும் அப்படித்தான் எண்ணினேன். முப்பத்துநாலு.

ராசாத்திக்குக் காய்ச்சல். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டுப் பெண். அவளுடைய ஒன்றரை வயதுப் பெண்பிள்ளை வழி முழுதும் கை மாறிக்கொண்டே வந்தது. ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி. இந்த ஏற்பாடு பேச்சியுடையது. ஓடைப் பாறையில் பிள்ளை தூங்கிவிட்டது. நிழலில் சாக்கில் கிடத்தினார்கள். அங்கே வேறொரு தோட்டத்துக் கூட்டமும் வந்து சேர்ந்தது. கால் மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். அவர்களை நான் எண்ணவில்லை. யானை என்ற கத்தல் கேட்டதும் அவர்கள் போடிப் பக்கம் இறங்கும் தடத்தில் சிதறினார்கள். நாங்கள் தேவாரம் பக்கம்.

மாலை 5:35. அடிவாரம். மாந்தோப்பு. நிற்கவைத்து எண்ணினேன். முப்பத்துநாலு. உரக்கச் சொன்னேன். சிலர் கும்பிட்டார்கள். ஒருத்தி தரையில் விழுந்து அழுதாள்.

ராசாத்தி ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்கிறாள். ஒவ்வொரு மடியையும் பார்க்கிறாள். கடைசி ஆள்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பேச்சியைப் பார்த்தாள்.

"அக்கா, எம்புள்ள யாரு கையில இருக்கு?"

பேச்சி என்னைப் பார்த்தாள்.

"ஜீப்புக் கணக்கா எண்ணுனீங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடங்களில் மறந்திருப்பேன்.

அவள் வேலைக்குப் போடும் ஆண்சட்டையை மாட்டினாள். என் பழைய சட்டை. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "நீங்க இங்கனயே இருந்து மறுபடி எண்ணுங்க. மடியில இருக்கிறதையும் சேத்து." பக்கத்து லயத்துக் கருப்பையா டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடப் போனார். நேரம் 5:50.

நான் எண்ணினேன். போன இருவரையும் சேர்த்து முப்பத்துநாலு, மடியில் ஐந்து. அவள் சொன்னபடி செய்தேன். அவளோடு போகவில்லை.

கருப்பையா பிறகு சொன்னது. பாதி ஏற்றத்தில் அவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவரை உட்காரவைத்துவிட்டு, டார்ச்சை வாங்கிக்கொண்டு அவள் மட்டும் ஏறினாள். இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் குரல் கொடுத்தாள். தூரத்தில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நின்றது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது பதில் இல்லை. அவர் தவழ்ந்து கீழே வந்தார்.

வியாழன். காலை 6:10. மாந்தோப்பின் மேல் ஓரம், நாங்கள் இறங்கி வந்த தடம் அல்ல, அடுத்தது. ராசாத்தியின் பிள்ளை உயிரோடு இருந்தது. என் சட்டையில் சுற்றியிருந்தது. தவழ்ந்து போய்விடாதபடி பேச்சியின் சேலைக் கிழிசலால் இடுப்பை மாமரத்தோடு கட்டியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலையில் அதன் மஞ்சள் குல்லா.

ஆக, அவள் அடிவாரம்வரை வந்திருக்கிறாள். பிள்ளையோடு வந்திருக்கிறாள். நாங்கள் இருந்த இடத்துக்கு இருநூறு அடிகூட இருக்காது. கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் எங்களுக்குக் கேட்கவில்லையா, தெரியவில்லை. பிள்ளையைக் கட்டிவைத்துவிட்டு மறுபடியும் மேலே போயிருக்கிறாள்.

வெள்ளி. முற்பகல் 11:15. ஓடைப் பாறைக்கு மேலே ஒரு சரிவின் அடியில் அவளைக் கண்டெடுத்தார்கள். விழுந்ததில் தலையில் அடி. யானைத் தடம் அருகில் எங்கும் இல்லை. இடுப்பு மடிப்பில் கம்பளிக் குல்லா ஒன்று இருந்தது. ஊதா நிறம். என் உள்ளங்கை அளவு. ராசாத்தியிடம் காட்டினேன். அவளுடையது இல்லை. மற்ற எல்லோரிடமும் காட்டினேன். யாருடையதும் இல்லை.

ராசாத்தியின் பெண் இப்போது போடியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான்தான் சொன்னேன். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். "தாத்தா, நாம எண்ணாத ஆளு வேற யாராச்சும் இருந்தா, இதைப் படிச்சிட்டாவது வரட்டும்" என்றாள்.

இழந்தவை: லயத்து வீடு ஒன்று. ஆடு இரண்டு. தையல் மிஷின் ஒன்று. பதினோரு வருட நாட்குறிப்புகள், அந்த ஆண்டுடையது தவிர. பிளாஸ்டிக் பையோடு கையில் எடுத்து வந்ததால் அது மட்டும் தப்பியது.

இறந்தவர்: பேச்சியம்மாள். ஒருவர்.

ஓடையில் எங்களோடு இருந்த மற்றக் கூட்டத்தைத் தேடி அந்தத் தோட்டத்துக்கு நான்கு முறை போனேன். கலைந்துவிட்டார்கள். கிடைத்தவர்கள் யாரும் பிள்ளையை இழக்கவில்லை என்கிறார்கள். காவல் நிலையத்தில் அப்படி ஒரு புகார் இல்லை. இரண்டு குடும்பங்கள் மட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தக் குல்லாவுக்குரிய பிள்ளையைத் தேடித்தான் அவள் மறுபடி ஏறினாள் என்று நினைக்கிறேன். அது வழியில் கிடந்து அவள் எடுத்ததாகவும் இருக்கலாம். அன்று அந்த மலையில் இன்னொரு பிள்ளை விடுபட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.