பாடத்துக்கு வந்த கரியப்பன்

உட்கார்ந்தே சொல்கிறேனே, மேடம். இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே பாடம் நடத்திய கால்கள். இப்போதெல்லாம் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்குவதில்லை.

நான் செந்தில்நாதன், மைசூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பேராசிரியர் என்பதெல்லாம் உங்கள் விசாரணைக் கோப்பிலேயே இருக்கும். பாடம் நடத்துவது எத்தனை அலுப்பான வேலை என்பது அதில் இருக்காது. வருஷா வருஷம் அதே நோய்கள், அதே படங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு சொக்கி விழும் அதே முகங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, கிராமங்களில் வீடு வீடாகச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பெண்களையும் நர்சிங் மாணவிகளையும் ஒன்றாக உட்கார வைத்து, பார்க்கின்சன் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித் தருவேன். கை நடுங்கும். உடம்பு இறுகும். முகம் உறைந்துவிடும். ஊர்ப்பக்கம் இதையெல்லாம் வயசுக் கோளாறு என்று சொல்லி, மனுஷனை ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். ஹனூர் பக்கத்து விவசாயி கரியப்பன் அப்படி ஆறு வருஷம் கிடந்தவர். நான் மாத்திரை கொடுத்த மூன்றாவது வாரம் மண்வெட்டி பிடித்தார். அடுத்த வருஷம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே ஏறிவிட்டு, பிரசாதத்தோடு என் அறைக்கு வந்தார்.

படம் போட்டுக் காட்டினால் யாருக்கும் மண்டையில் ஏறாது. உயிரோடு ஒரு ஆள் வேண்டும். அவருக்கு எங்கள் வழக்கத்தில் கேஸ் என்று பெயர். வரச் சொல்லும்போதே, அன்று காலை மாத்திரையைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். போட்டால் நடுக்கம் அடங்கிவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. எனக்குப் பாடம் சொன்னவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு வேளை மாத்திரைதானே.

போன வருஷம் கரியப்பன் வந்தார். கையை நீட்டச் சொன்னேன். கட்டை மாதிரி நின்றது, ஒரு நடுக்கம் இல்லை. நடக்கச் சொன்னேன். மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

"மாத்திரை போட்டீர்களா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுலயே போட்டுட்டனுங்க. இத்தன பேரு முன்னாடி நான் நடுங்குனா, டாக்டரு வைத்தியம் சரியில்லன்னு பேசிப்போடுவாங்கல்ல? வேணும்னா பொய்யா நடுங்கிக் காட்டட்டுங்களா சாமி?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்ததாக நீங்கள் நினைத்தால் அது தவறு. அன்று வைத்த தேர்வில் நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். என் கவலை அதுதான்.

ஆகவே இந்த வருஷம் பயிற்சிக்கு நான்கு நாள் முன்னாலேயே அவரை வார்டில் சேர்த்தேன். முழுப் பரிசோதனை என்று சொன்னேன். அவர் மனைவி சித்தம்மா மாத்திரை டப்பாவைத் தானாகவே என்னிடம் கொடுத்தாள். தமிழ் பேசும் டாக்டர் என்பதால் என்மேல் அவளுக்குத் தனி நம்பிக்கை. அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையை, மூன்று வேளையும் என் கையாலேயே கொடுத்தேன். நர்ஸ்களைச் சிரமப்படுத்தவில்லை.

இரண்டாம் நாள் நடுக்கம் வந்தது. மூன்றாம் நாள் படுக்கையில் புரண்டு படுக்க முடியவில்லை. நான்காம் நாள் விழுங்கச் சிரமப்பட்டார்.

"ஏனுங்க டாக்டரு, மாத்திரைய நேரந் தப்பாமக் குடுக்கறீங்க. அப்பறமும் மரமாட்டம் கெடக்கறாரே?" என்றாள் சித்தம்மா.

"உடம்புக்கு மருந்து பழகிவிட்டது அம்மா. மாற்றிப் பார்ப்போம்" என்றேன்.

அன்று சாயங்காலம் நர்ஸ் லிங்கம்மா வந்து, காய்ச்சல் நூற்றிரண்டு என்றாள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடம்பு இறுகிக் காய்ச்சல் ஏறும், உயிருக்கே ஆபத்தாகும். அதையும் நான் பாடமாக நடத்துகிறவன்தான். மூக்குக் குழாய் வழியாக அன்றே மருந்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் காலைக்குள் இறுக்கம் தளர்ந்துவிடுமே. வகுப்பு பத்து மணிக்கு.

வகுப்பு நன்றாக நடந்தது, மேடம். அப்படியொரு வகுப்பை நான் நடத்தியதில்லை. ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. இமைக்காத கண்ணைக் காட்டினேன். வழியும் எச்சிலைக் காட்டினேன். கையை மடக்கினால் பல்சக்கரம் மாதிரி தட்டித் தட்டி மடங்குவதை ஒவ்வொருவரும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் வந்து அவர் கையை மடக்கிப் பார்த்தார்கள். வலித்தால் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

ஜீவிதா என்ற நர்சிங் மாணவி மட்டும் கையை மடக்காமல் நெற்றியைத் தொட்டாள். "சார், இந்தச் சூடும் வேர்வையும் இந்த நோயோட அடையாளமா?"

"நல்ல கேள்வி. கடைசியில் சொல்கிறேன்" என்றேன். நேரம் போதவில்லை.

உடனே தேர்வு வைத்தேன். இவருக்கு என்ன நோய், மூன்று அடையாளங்கள் எழுதுக. பன்னிரண்டரைக்குத் தாள்கள் என் மேஜைக்கு வந்தன. நாற்பத்தொரு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். ஹனூரிலும் குண்டலுபேட்டையிலும் இனி எத்தனை பேர் மூலையிலிருந்து எழுந்து நடப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜீவிதாவின் தாள் மூன்றாவதாக இருந்தது. நோயின் பெயரே எழுதவில்லை. "இவருடைய மருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. உடனே கொடுக்க வேண்டும்" என்று இரண்டே வரி. படித்தேன். மீதி முப்பத்தொன்பது தாள்களையும் திருத்தி முடித்துவிட்டு, இரண்டு மணிக்கு வார்டுக்குப் போனேன். அப்போது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மருந்து கொடுத்தேன், ஐ.சி.யூ.வுக்கு மாற்றினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு உயிர் போயிற்று.

மருந்தை நிறுத்தியது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்தே நிறுத்தினேன், தெரிந்தே காத்திருந்தேன். ஜீவிதா கொடுத்திருக்கும் புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவளுடைய தாளுக்கு நான் போட்ட பூஜ்யத்தை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், மேடம். கேள்வி கேட்டது நோயின் பெயரைத்தான்.