கண் தெரியாத லென்ஸ்

"நீங்க வாங்கின லென்ஸுக்கு இருட்டில கண் தெரியல்ல" என்றாள், மூதூர் போகும் லாஞ்சுப் படகில் என் முன்னால் இருந்த பெண்.

கணவனும் மனைவியுமாக முஸ்லிம் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர்கள் என்று பேச்சில் விளங்கியது.

"தூரத்துக்கும் கிட்டத்துக்கும் இந்த சூம் லென்ஸ் ஒண்டே போதும் எண்டுதானே வாங்கினன்" என்றார் கணவர்.

"வெளியில போதும். அறைக்குள்ள கல்யாணப் பொண்ணு, சுகமில்லாத தன்ட உம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதுது. உம்மாக்கு வெளிச்சம் பட்டாத் தலையிடிக்குமாம், பிளாஷ் அடிக்க ஏலாது. சூமைக் கழட்டிட்டுப் பழைய சின்ன லென்ஸைப் போட்டன். அதுக்கு ஜன்னல் வெளிச்சமே போதும்."

அவள் எடுத்த அந்தப் படத்தின் அச்சை அவர் உறையிலிருந்து உருவி வெகுநேரம் பார்த்தார்.

"உம்மாட கண்ணீரும் தெரியுது. எனக்கு இப்பிடி வந்திருக்காது."

"உங்கள அந்தப் பொம்பளைகள்ட அறைக்குள்ள விடவே மாட்டாங்களே!" என்று அவள் சிரித்தாள்.

"அப்ப சூமைத் திருப்பிக் குடுப்பமா?"

"வேணாம். மாப்பிள்ளை ஊர்வலத்தைத் தூரத்தில நிண்டு எடுக்கிறது நீங்கதானே. அது உங்களுக்கு, பழையது எனக்கு."

"ஓம்" என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

நடுக்கடலில் அலை தெறிக்கத் தொடங்கியது. புது லென்ஸை மறந்து, அவர் அந்தப் படத்தைத்தான் முதலில் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.