மாப்பிள்ளைக்கு எடுத்துக்கொடுத்த வில்

முதன்முதலாக வில் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கடையில் இருப்பதிலேயே பலமானது எது என்று கேட்பார்கள். இழுத்துப் பார்த்தால் பாதிகூட வராது, கை நடுங்கும், அப்படியும் அதுதான் வேண்டும் என்பார்கள். வேட்டைக்குப் போகிறவனுக்கு முரட்டுப் பலம் முக்கியமில்லை, ஐயா. முழுக்க இழுத்த வில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு, மிருகம் திரும்பும்வரை காத்திருக்க முடிய வேண்டும். யாருக்கு எது தாங்கும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதில் நான் இதுவரை ஏமாந்ததில்லை.

நாற்காலி வேண்டாம், நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. கொஞ்ச காலமாக அப்படித்தான்.

என் பெயர் பூலோகம். குடியிருப்பது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். தோபி தலாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது என் தங்கை பேராச்சி பாவாடை கட்டுகிற பிள்ளை. அவளை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்குக் கூட்டிவந்தேன். அவளுக்குத் தலை பின்னக்கூட நான்தான் கற்றுக்கொண்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் அவளை எப்படி வைத்திருப்பாளோ என்ற பயம்தான்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். நல்ல இடங்கள் வந்தன. எல்லாரும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். கணேசபாண்டியனுக்கு அப்பா, அம்மா, அண்ணன், தம்பி யாரும் இல்லை. தாராவியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தான். எங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சம்மதித்தான். நல்ல பையன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். நான் அவனைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

செம்பூர்ப் பக்கம் ஒரு ஃபாக்டரியில் இனாயத்துல்லா என்று ஒரு சூப்பர்வைசர். வேலை கொடுக்க ஒர்க்‌ஷாப்புக்கு வந்துபோனதில் மாப்பிள்ளைக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ஜத் பக்கத்துக் காட்டுக்குத் துப்பாக்கியோடு போகிறவர். ஒரு தடவை மாப்பிள்ளையையும் கூட்டிப்போனார். திரும்பி வந்தவன் வேறு பேச்சே பேசவில்லை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்காது, அதனால் வில் வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். அவர் கொடுத்த அமெரிக்கப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். படத்தில் இருந்த வில்லுக்கு இரண்டு முனையிலும் சின்னக் கப்பி, அதன்மேல் கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. முழுக்க இழுத்த பிறகு கையில் பாரம் குறைந்துவிடுமாம்.

"மச்சான், இது கெடைக்குமா?"

"அமெரிக்காவுலயே இப்பத்தான் வந்திருக்கு மாப்ளே. மொதல்ல சாதா வில்லுல பழகுங்க."

"அப்ப நல்ல பலமானதா எடுத்துக் குடுங்க. இனாயத்துல்லா சாப் சிரிச்சிரக் கூடாது."

"சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாரு. தோள்பட்டை புடிச்சுக்கிட்டா வேலைக்கு எப்படிப் போவீய?"

கடைக்கு வரச் சொல்லி, கையை நீட்டவைத்து, நெஞ்சிலிருந்து விரல் நுனிவரை அளந்தேன். அம்பு நீளமாக இருந்தால் பாதகமில்லை, குட்டையாக இருந்தால் இழுக்கும்போது நழுவிக் கையில் ஏறிவிடும். நாற்பது ராத்தல் இழுவையில் மரமும் ஃபைபரும் ஒட்டிய வில் ஒன்றை எடுத்தேன். அந்த வில்லில் ஒரு குறையும் கிடையாது. அன்றைக்கு என் மனதிலும் ஒன்றும் கிடையாது.

தாராவி ஓடைக்கரைத் திடலில் ஞாயிறு காலைகளில் சொல்லிக்கொடுத்தேன். மர அம்பை ஒவ்வொரு தடவையும் எய்வதற்கு முன் இரண்டு கையாலும் லேசாக வளைத்துக் காதுப் பக்கம் வைத்துக் கேட்க வேண்டும். விரிசல் இருந்தால் நறுக்கென்று சின்னச் சத்தம் வரும். அப்படிப்பட்டதை ஒடித்துப் போட்டுவிட வேண்டும். எய்தால் வில்லிலேயே பிளந்து, பிடித்திருக்கிற கைக்குள் போய்விடும். இதை அவனுக்கு முதல் நாளே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மத்தியானம். பேராச்சி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, இவுகளுக்குச் செம்பூருல வேலை தாராகளாம். சாப் பேசி முடிச்சிட்டாரு. குவார்ட்டர்ஸும் உண்டாம். தண்ணி வீட்டுக்குள்ளயே வருதாம்."

"நல்லதுதானே" என்றேன்.

"நீங்க ஞாயித்துக்கெழமை தவறாம சாப்பிட வந்திரணும்."

விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். மாட்டுங்காவில் ரயில் ஏறி வி.டி. வரை போனேன். திரும்பி மாட்டுங்கா வந்தபோது இறங்கத் தோன்றவில்லை, குர்லா வரை போய், மறுபடி வி.டி. போகிற வண்டியில் ஏறினேன். உட்கார இடம் இருந்தும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த வாரம் முழுக்க வேலை விட்டதும் அப்படித்தான் அலைந்தேன். கடையில் கிரிக்கெட் பேட்டின் கைப்பிடிக்கு நூல் சுற்றச் சொன்னால், சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஃபிட்டருக்கு இரண்டு கையும் வேண்டும், ஐயா.

கர்ஜத்துக்குக் கிளம்பிய அன்று காலையில் அம்புக்கூட்டை நான் வாங்கி ஒவ்வொன்றாக வளைத்துக் கேட்டேன். "நான் பாத்துட்டேன் மாப்ளே, எல்லாம் சரியா இருக்கு. அங்க போயி இதுக்கு மெனக்கெடாதீய, சத்தத்துல மிருகம் ஓடிரும்" என்றேன். ஒன்றில் சத்தம் வந்திருந்தது. அதைக் கைக்கு முதலில் அகப்படுகிற மாதிரி வைத்தேன்.

அது உள்ளங்கையைத் துளைத்து மணிக்கட்டுவரை போய்விட்டது. காட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் வீங்கிவிட்டது. பிறகு சீழ் வைத்து, இடது கையை எடுக்கும்படி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான், கடையில் லீவு சொல்லிவிட்டு. ஒரு காயம், அது ஆறுவதற்குள் அந்தச் செம்பூர் வேலை வேறு ஒருவனுக்குப் போய்விடும் என்றுதான் கணக்குப் போட்டேன். கையே போனது நான் நினைத்ததற்கு மேல். ஆனாலும் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய்.

அதன் பிறகு எங்கள் வீடு நன்றாக இருந்தது. அவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவேன், ஷேவ் செய்துவிடுவேன். பேராச்சி சமைத்ததை மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். "அண்ணன் இல்லைன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்று அவள் பக்கத்து அறைக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

இனாயத்துல்லாவுக்கு மனசு உறுத்தியது. தான் கூட்டிப்போனதால்தானே என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்கே வந்து, ஃபாக்டரி கேட்டில் ஆட்கள் வந்துபோகிற நேரம் குறிக்கிற வேலை, அதற்கு ஒரு கை போதும் என்றார். முன்பு பேசிய குவார்ட்டர்ஸும் அப்படியே இருக்கிறது என்றார். பேராச்சி அழுதாள். நான் அவருக்கு டீ வாங்கிவரப் போனேன். ஒரு டீ வாங்க மாகிம் வரைக்கும் நடந்திருக்கிறேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டார்.

அந்த வேலைச் செய்தி மாப்பிள்ளைக்கு உயிர் கொடுத்தது. பேராச்சிதான் என்னிடம் வந்து கேட்டாள்.

"அண்ணே, அவுகளுக்கு மறுபடி வில்லு புடிக்கணுமாம். ஒத்தக் கையால முடியுமா?"

"முடியும்" என்றேன்.

உண்மையிலேயே முடியும். நாணில் ஒரு தோல்பட்டை கட்டி அதைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். இருக்கிற கையால் வில்லை முன்னே தள்ள வேண்டும். தாராவியில் ஒருவரிடம் நல்ல தோலாகப் பார்த்துத் தைத்து வாங்கினேன். முதலில் பழைய வில்லிலேயே பழக்கினேன். அம்பு பலகையில் தைத்தபோது மாப்பிள்ளை பட்டையைத் துப்பிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். ஒற்றைக் கையால் கட்டிக்கொள்வது ஒரு மாதிரி இருக்கும், ஐயா. ஒரு பக்கம் காலியாக இருக்கும்.

எங்கள் கடைக் கிடங்கில் வெள்ளைக்காரர்கள் காலத்து இரும்பு வில் ஒன்று கிடந்தது. உள்ளே குழாய் மாதிரி வெற்று. பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ஆனால் பம்பாய்க் கடல் காற்றில் உள்ளிருந்து துருப்பிடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள், எந்த அறிகுறியும் காட்டாமல், இழுத்த இழுப்பில் ஒடியும். அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடும்படி முதலாளி எப்போதோ சொல்லியிருந்தார். எடுத்துக் குலுக்கினேன். உள்ளே துருச் செதில்கள் மணல் மாதிரி சரிகிற சத்தம் கேட்டது. புது பெயிண்ட் அடித்தேன். மாப்பிள்ளை முதலிலிருந்தே பலமானதுதானே கேட்டான். இரும்பு என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சாதாரண ஆள் நாணைக் கையால் இழுக்கிறவன், தலையைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ளவாவது முடியும். பல்லால் கடித்திருக்கிறவன் எங்கே விலகுவது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

அந்த வில்லை முதன்முதலாக இழுத்துப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை பேராச்சி திடலுக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பட்டையை அவனுக்கு வாயில் சரியாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாட்களில் நானும் அவன் தோளை ஒட்டித்தான் நிற்பேன். அன்றைக்குத் தள்ளி நின்றேன். அவன் கையை முன்னே தள்ள ஆரம்பித்ததும் ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

"இங்க வா. இங்கருந்து பாரு, நல்லாத் தெரியும்."

வில்லின் மேல்பாதி ஒடிந்து அவன் கழுத்தில் பாய்ந்தது. ரொம்ப நேரம் ஆகவில்லை. பட்டை கடைசிவரை வாயிலேயே இருந்தது.

போலீஸார் வந்தார்கள், பழைய இரும்பு என்றார்கள், விபத்து என்று முடிந்தது. பேராச்சி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது கேட்டாள்.

"அண்ணே, என்னைய மட்டும் ஏன் இழுத்தீய?"

"வெயிலா இருந்துச்சேன்னு..."

"நீங்க இழுத்துக்கிட்டுப் போன எடத்துலயும் வெயிலுதான்."

அழவில்லை. துணிகளைப் பெட்டியில் வைத்தாள். ஃபாக்டரி கேன்டீனில் அவளுக்கு வேலையும் தங்க ஓர் அறையும் இனாயத்துல்லா ஏற்பாடு செய்திருந்தாராம், எனக்குத் தெரியாது. நான் செம்பூருக்குப் போய் ஃபாக்டரி கேட்டுக்கு எதிரே நிற்கிறேன். அவள் மற்றப் பெண்களோடு வெளியே வருவாள், என்னைப் பார்ப்பாள், பேச்சை நிறுத்தாமல் கடந்துபோவாள். வாட்ச்மேன் என்னை இனி வரக்கூடாது என்கிறான். வீட்டில் இருக்க முடியவில்லை. ரயிலிலும் முடியவில்லை. வண்டி நின்றால் இறங்கிவிடுகிறேன், இறங்கினால் ஏறிவிடுகிறேன்.

யாரும் சந்தேகப்படாதபோது நீயாக ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கணேசபாண்டியன் கையைப் போக்கியதும் நான், அவனைக் கொன்றதும் நான். இரண்டையும் தெரிந்தே செய்தேன். இதை நான் சொன்ன பிறகு நீங்கள் பேராச்சியைக் கூப்பிட்டு விசாரித்துத்தானே ஆக வேண்டும். போலீஸ் கூப்பிட்டால் அவள் வராமல் இருக்க முடியாது.

அவள் வந்தால் வேறு அறையில் வைத்துக் கேட்காதீர்கள், ஐயா. இங்கே, எனக்கு எதிரில் உட்காரவையுங்கள். அவள் கோபமெல்லாம் பக்கத்தில் இருந்து என் முகத்தைப் பார்க்கிற வரைக்கும்தான்.